சுவரில்லாத கூடமும் முள்ளியின் வளையும்

நீதிக் கதைகளில் முள்ளம்பன்றிக்கு இடம் கிடைப்பதில்லை. சிங்கத்துக்கு அரியணை உண்டு. நரிக்குத் தந்திரம் உண்டு. காக்கைக்குக்கூட ஏதோ ஒரு கிளையை ஒதுக்கிவிடுகிறார்கள். முள்ளம்பன்றியை யாரும் அழைப்பதில்லை. அதிலும் பெண் முள்ளம்பன்றியை அறவே அழைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் குத்துவாளாம். பேசினாலும் குத்துவாளாம். இரண்டாவது குற்றச்சாட்டு உண்மை. ஆகவே இந்தக் கதை அவளுடையது. அவள் பெயர் முள்ளி.

ஓர் ஏரிக்கரையில் புதர்க்காடு ஒன்று இருந்தது. காட்டின் மறுபக்கம் பரந்த புல்வெளி. மழைக்காலம் முழுவதும் அந்தக் காட்டு விலங்குகள் கிழங்கும் கொட்டையும் விதையும் சேகரித்துக் களஞ்சியத்தில் வைக்கும். கோடையில் ஏரி வற்றிப் புதர்கள் காயும்போது களஞ்சியம் திறக்கப்படும். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த வேலை ஒரே இடத்தில் நடந்ததில்லை. முயலும் அவன் தங்கையும் புதரடிப் பள்ளத்தில் உட்கார்ந்து விதை பிரிப்பார்கள். ஆமை நீரோரத்தில் கொட்டைகளைக் கழுவுவார். கீரி தன் பொந்திலும் உடும்பு தன் குழியிலும் அவற்றைத் தரம் பிரிப்பார்கள். முள்ளி, கரைமேட்டில் தானே தோண்டிய வளைக்குள், கிழங்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்து அழுகியதை ஒதுக்குவாள். ஒரே ஓர் அழுகல் உள்ளே போனாலும் குவியல் முழுவதும் கெட்டுவிடும். காற்று அலையாத இடத்தில்தான் அந்த மெல்லிய நாற்றம் பிடிபடும். மாலையில் எல்லோரும் களஞ்சியத்தருகே கூடி, கொஞ்ச நேரம் வம்பு பேசி, கலைந்து போவார்கள்.

குறை ஒன்றும் இருக்கவில்லை. புதிதாக வந்த தலைவருக்கு அதுவே பெரிய குறையாகப் பட்டது.

அவர் பெயர் திருகன். வெளிமான், புல்வெளியில் பிறந்து புல்வெளியிலேயே வளர்ந்தவர். முறுக்கிய நீண்ட கொம்புகள். அவற்றினும் நீண்ட பேச்சு. வந்த அன்றே காட்டைச் சுற்றிப் பார்த்து முகம் சுளித்தார்.

“இதென்ன, ஆளுக்கொரு பொந்து? ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லையே! எங்கள் புல்வெளியில் யாரும் ஒளிவதில்லை. எத்தனை பேர் மேய்ந்தாலும் அத்தனை பேரும் கண்ணில் படுவார்கள். ஒளிவு இருக்கும் இடத்தில் ஒற்றுமை இராது!”

“ஒற்றுமை இராது! ஒற்றுமை இராது!” என்றது மைனா. எந்தக் குரலைக் கேட்டாலும் அந்தக் குரலிலேயே திருப்பிச் சொல்லும் பறவை அது. அன்று மாலையே அதற்கு ‘மகிழ்ச்சி அலுவலர்’ என்னும் பதவி கிடைத்தது.

மறுநாள் தூக்கணாங்குருவி வரவழைக்கப்பட்டது. பின்னல் வேலையில் அதை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை.

“காடும் புல்வெளியும் சேரும் இடத்தில் எனக்கு ஒரு கூடம் வேண்டும்” என்றார் திருகன். “சுவர் கூடாது. மறைப்பு கூடாது. எல்லோரும் வட்டமாக, முகத்தோடு முகம் பார்த்து வேலை செய்ய வேண்டும். நடுவில் ஒரு தாமரைத் தொட்டி. ஓரத்தில் ஊஞ்சல். வெகுதூரத்திலிருந்து பார்ப்பவரும் வியக்க வேண்டும்!”

“வியப்பார்கள், ஐயா!” என்றது குருவி. கோரையை உரித்துக் கூரை பின்னத் தொடங்கியது.

பாதி வேலை முடிந்திருந்தபோது முள்ளி அந்த வழியாக வந்தாள். அப்போது அவள் வயிற்றில் குட்டி இருந்தது. நடை மெதுவாக இருந்தது. நாக்கு வழக்கம்போல் வேகமாகவே இருந்தது.

“தம்பி, ஒரு சந்தேகம். உங்கள் குலத்தில் கூட்டைப் பாதி கட்டியதும் என்ன செய்வீர்கள்?”

“பெண் குருவியைக் கூப்பிடுவோம். அவள் உள்ளே போய்ப் பார்ப்பாள். பின்னலை இழுத்துப் பார்ப்பாள். பிடித்தால் மீதியைக் கட்டுவோம்.”

“பிடிக்காவிட்டால்?”

குருவி தலை குனிந்தது. “விட்டுவிட்டு வேறு கட்டுவோம்.”

“நல்ல பழக்கம். இந்தக் கூடத்தைப் பாதியில் யார் வந்து பார்த்தார்கள்?”

“தலைவர் பார்த்தார்.”

“அவர் இதற்குள் உட்கார்ந்து வேலை செய்வாரா?”

“இல்லை. அவருக்கு அதோ அந்தப் புல்மேடு. அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிவார்கள்.”

“அப்படியானால் நீ முயலுக்கும் எனக்கும் கூடு கட்டவில்லை. அவர் கண்ணுக்கு விருந்து கட்டுகிறாய்” என்று சொல்லிவிட்டு முள்ளி நடந்தாள்.

குருவிக்கு அது உறைத்தது. ஆனாலும் கூலியாகத் தினை பேசியாகிவிட்டது. அது மீதியையும் பின்னி முடித்தது.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. கூடம் அழகாகவே இருந்தது. அதை மறுப்பது பொய். காற்று வீசினால் கூரை முழுவதும் மெல்ல அசைந்து, தங்க நிறத்தில் மின்னியது. முயலின் தங்கை ஊஞ்சலில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தாள்.

திருகன் மேட்டின் மீது நின்று பேசினார். “இனி நாம் ஒரே குடும்பம்! குடும்பத்துக்குள் கதவு எதற்கு? பழைய வளை, பள்ளம், பொந்து எல்லாவற்றையும் இன்றே மண்ணிட்டு மூடிவிடுவோம். மூடிய இடத்தில் பூச்செடி வைப்போம்!”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆமை முதலில் தலையாட்டினார். “எனக்கு ஆட்சேபமில்லை. எனக்கென்று ஒரு வீடு என் முதுகிலேயே இருக்கிறது.” பெரியவரே ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர்கள் வாய் திறக்கவில்லை.

“எனக்கு ஆட்சேபம் உண்டு” என்றாள் முள்ளி.

மைனா பறந்து வந்து அவள் எதிரே அமர்ந்தது. “அதையும் யோசித்துவிட்டோம், முள்ளி! நெருங்கி உட்கார்ந்தால் உன் முள் மற்றவர்களைக் குத்தும் என்பதுதானே கவலை? ஒவ்வொரு முள் நுனியிலும் இலவம்பஞ்சு சுற்றிவிடுவோம். பார்க்கவும் அழகாக இருப்பாய்!”

“உன் அலகிலும் கொஞ்சம் சுற்று. கேட்கவும் அழகாக இருக்கும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். திருகனின் காது விறைத்தது.

“முள்ளி, நீ ஒற்றுமைக்கு எதிரியா?”

“நான் இருட்டில் முகர்ந்து வேலை செய்பவள், ஐயா. காற்றடிக்கும் வெட்டவெளியில் என் மூக்கு எதற்கும் பயன்படாது. என் குட்டி பிறக்கப் போவதும் அந்த வளையில்தான். வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். வளையில் கை வைக்காதீர்கள்.”

“கூடத்துக்கு வராதவருக்குக் களஞ்சியத்தில் பங்கு கிடையாது!”

“சற்று முன்பு குடும்பம் என்றீர்களே. உங்கள் குடும்பத்தில் பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுவார்களா?”

திருகன் மைனாவின் பக்கம் திரும்பினார். பங்கு இல்லை என்பதை மைனாவைக் கொண்டு இன்னொரு முறை அறிவிக்கச் செய்தார்.

அன்று பிற்பகல் காட்டுப்பன்றிகள் மண் தள்ள வந்தன. முயல்களின் பள்ளத்தை மூடி மிதித்துக் கெட்டியாக்கின. கீரியின் பொந்தை மூடின. உடும்பின் குழியை மூடின. கடைசியில் கரைமேட்டுக்கு வந்தன. முள்ளி வளை வாயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முட்கள் எழுந்து, உலர்ந்த நெற்றுகளைக் குலுக்கியதுபோல் சலசலத்தன.

“நகர்ந்துகொள்ளம்மா, மேலிடத்து உத்தரவு” என்றது மூத்த பன்றி.

“நிறைவேற்று. நான் தடுக்கவா செய்கிறேன்? உட்கார்ந்துதானே இருக்கிறேன்!”

மூத்த பன்றி முட்களைப் பார்த்தது. தன் மூக்கின் நுனியைப் பார்த்துக்கொண்டது. “எங்களுக்கு மூக்கு ஒன்றுதான் இருக்கிறது” என்று முணுமுணுத்துத் திரும்பியது. வளை மூடப்பட்டுவிட்டது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. திருகனும் வந்து பார்க்கவில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் கரைமேடு தெரியாது. தெரியாத எதையும் அவர் இருப்பதாகக் கருதுவதில்லை.

கூடத்தில் வேலை தொடங்கியது. முயல் ஒரு விதையை எடுப்பான், முதுகுக்குப் பின்னால் யாரோ நடப்பார்கள், திரும்பிப் பார்ப்பான். மீண்டும் விதையை எடுப்பான், மேலே நிழல் ஒன்று போகும், அண்ணாந்து பார்ப்பான். முயலுக்கு முதுகுப்புறம் மண்ணோ வேரோ இருந்தால்தான் மனம் அடங்கும். இங்கே நான்கு பக்கமும் வெளிச்சம். கீரிக்கு ஆமையின் பெருமூச்சு கேட்டது. ஆமைக்குக் கீரியின் கொட்டாவி கேட்டது. மைனாவின் உற்சாகப் பாட்டு எல்லோருக்கும் கேட்டது. கொஞ்ச நாளில் எல்லோரும் ஒரு புதுத் தொழிலில் தேர்ச்சி பெற்றார்கள்: மேட்டிலிருந்து பார்த்தால் வேலை செய்வதுபோல் தெரிய வேண்டும். நல்ல விதையும் சொத்தை விதையும் கலந்தே களஞ்சியத்துக்குப் போயின. கிழங்கை முகர ஆளே இல்லை.

ஒருநாள் மைனா அறிவித்தது: “கூடத்தில் மகிழ்ச்சியாக இருப்பவர்கள் வலப்பக்கம் நில்லுங்கள்! மகிழ்ச்சி இல்லாதவர்கள் தலைவருக்கு நேர் எதிரே வந்து நில்லுங்கள்!”

எல்லோரும் வலப்பக்கம் நின்றார்கள். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று திருகன் அறிந்துகொண்டார். அறிந்துகொண்ட மகிழ்ச்சியில் இன்னோர் ஊஞ்சல் கட்டச் சொன்னார்.

அன்று மாலை முயல் முள்ளியின் வளைக்கு வந்தான். விலா எலும்பு தெரிந்தது. முள்ளியும் இளைத்திருந்தாள், அதுவரை முகர்ந்து சேர்த்ததெல்லாம் களஞ்சியத்துக்குப் போய்விட்டதால், தனக்கென்று புல்வேரைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்களேன். பஞ்சுதானே சுற்றச் சொல்கிறார்கள்?”

“நீ விட்டுக்கொடுத்தாயே, என்ன கிடைத்தது?”

முயல் யோசித்தான். “ஊஞ்சல்.”

“ஆடினாயா?”

“ஆடினால் வேலை செய்யவில்லை என்று மேட்டிலிருந்து தெரியுமே.”

முள்ளி சிரிக்கவில்லை. “கேள், தம்பி. இந்த முள்ளை யாருக்காகவும் நான் வளர்க்கவில்லை. யாருக்காகவும் மூடிக்கொள்ளவும் போவதில்லை. உன் பள்ளத்தைத் திரும்பத் தோண்டு. யாரையும் கேட்காதே.”

“பயமாக இருக்கிறது, அக்கா.”

“வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பதைவிடவா?”

முயல் வந்த வழியே போய்விட்டான். தோண்டவில்லை.

கோடை தொடங்கியது. புல் காய்ந்து தாழ்ந்தது. ஒருநாள் காலை செந்நாய்க் கூட்டம் ஒன்று புல்வெளியைக் கடந்து வந்தது. ஆண்டுதோறும் அந்தக் கூட்டம் அந்த வழியாகப் போவதுண்டு. புதர்களுக்குள் தலையை நுழைத்துப் பார்க்கும், யாரும் அகப்பட மாட்டார்கள், சலித்துக்கொண்டு போய்விடும். இம்முறை தூரத்திலேயே தங்கக் கூரை மின்னியது. அதன் கீழே முயலும் கீரியும் உடும்பும் வட்டமாக, மறைப்பின்றி, முகத்தோடு முகம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமைச் செந்நாய் நின்றது. “யாரப்பா அது, நமக்காக இலை போட்டுப் பரிமாறி வைத்திருப்பது?”

முதலில் கண்டவர் திருகன்தான். மேட்டில் நின்றாரல்லவா! “அஞ்சாதீர்கள்! எல்லோரும் ஓடுங்கள்!” என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் பாய்ந்து, புல்வெளியில் ஒரு புள்ளியாகி, மறைந்தார். வெளிமானின் கால்களுக்கு அது எளிது. அவர் வஞ்சகர் அல்லர். தன் கால்கள் எல்லோருக்கும் இருப்பதாக அவர் நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

மைனா கூரை மீது ஏறிக்கொண்டது. மற்றவர்கள் தத்தம் பழைய இடத்துக்கு ஓடினார்கள். கீரி தன் பொந்துக்கு ஓடினான். அங்கே பூச்செடி இருந்தது. உடும்பு தன் குழிக்கு ஓடினான், அங்கேயும் பூச்செடி. முயலும் தங்கையும் புதரடிக்கு ஓடினார்கள். மண் கெட்டியாக மிதிபட்டிருந்தது.

“இங்கே! கரைமேட்டுக்கு வாருங்கள்!” என்று முள்ளியின் குரல் கேட்டது.

முயல் திரும்பி ஓடினான். கீரி ஓடினான். உடும்பு ஓடினான். ஆமையை ஒரு செந்நாய் புரட்டிப் போட்டு, பந்துபோல் உருட்டி விளையாடிற்று. அவர் சரிவில் உருண்டு, அதிர்ஷ்டவசமாக வளை வாயிலிலேயே வந்து விழுந்தார். முள்ளி எல்லோரையும் உள்ளே தள்ளினாள். பிறகு தானும் தலையை உள்ளே விட்டு, முதுகால் வாயிலை அடைத்து, முட்களை விரித்தாள்.

“முள்ளி! உன்னோடு எங்களுக்குச் சண்டை இல்லை” என்றது தலைமைச் செந்நாய். “முயலை மட்டும் வெளியே விடு. போய்விடுகிறோம்.”

“வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்!”

ஓர் இளம் செந்நாய் துணிந்து பாய்ந்தது. முள்ளி பின்புறமாக ஒரே தள்ளு தள்ளினாள். அது ஊளையிட்டுக்கொண்டு, மூக்கில் முட்களோடு, ஏரியை நோக்கி ஓடியது. மற்றவை கொஞ்ச நேரம் உறுமிப் பார்த்தன. பிறகு போய்விட்டன.

வளைக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடி, “தங்கை எங்கே?” என்றான் முயல்.

எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். மூடிய பள்ளத்தின் மீது நகக்கீறல்கள் இருந்தன. அவள் மற்றவர்களைப்போல் திரும்பி ஓடவில்லை. தன் வீட்டை அந்தக் கடைசி நொடியில் தோண்டித் திறக்கப் பார்த்திருக்கிறாள். பூச்செடியின் வேரில் கொஞ்சம் சாம்பல்நிற ரோமம் ஒட்டியிருந்தது.

வெயில் ஏறிய பிறகு திருகன் திரும்பி வந்தார். மூச்சு வாங்கவே இல்லை. மேட்டில் ஏறினார்.

“நம் கூடம் இன்று ஒரு சோதனையைச் சந்தித்தது. இழப்புக்கு வருந்துகிறேன். ஆனாலும் ஒன்றைக் கவனித்தீர்களா? யார் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது! மறைப்பு இல்லாததன் பயன் அதுதான். முள்ளியின் துணிவைப் பாராட்டி, அவளைப் பாதுகாப்பு அலுவலராக நியமிக்கிறேன். கூடத்தின் நடுவிலேயே அவளுக்கு இருக்கை!”

“பாதுகாப்பு அலுவலர்!” என்றது மைனா, கூரையிலிருந்து.

முள்ளி முன்னே வந்தாள்.

“உங்கள் இருக்கை எனக்கு வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இந்தக் கூடத்தைக் கட்டுமுன், முயலைப் பார்த்து, உனக்கு எப்படி இருந்தால் வேலை ஓடும் என்று கேட்டீர்களா?”

“எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதாக வலப்பக்கம் நின்றார்களே!”

“அவர்கள் நின்றது உங்களுக்குப் பயந்து. உங்களுக்கு வெட்டவெளி பிடிக்கும், ஏனென்றால் உங்களால் ஓட முடியும். நாங்கள் மண்ணுக்குள் இருக்கிறோம், ஏனென்றால் எங்களால் முடியாது. அதை ஒளிவு என்றீர்கள். அது எங்கள் உயிர். ஒரு பெண்ணை அவள் வீட்டு வாசலில் சாகவிட்டு, எனக்குப் பதவி கொடுக்க வந்தீர்களா?”

திருகன் வாய் திறந்தார். அதற்குள் ஆமை மெல்லச் சொன்னார்: “நான் தலையாட்டியிருக்கக் கூடாது.”

முயல் யாரையும் கேட்கவில்லை. புதரடிக்குப் போய்ப் பூச்செடியைப் பிடுங்கி எறிந்து, தோண்டத் தொடங்கினான். கீரி தன் பொந்தைத் தோண்டினான். உடும்பு தோண்டினான். மண்ணிட்டு மூடிய அதே பன்றிகள் வந்து, தலை நிமிராமல், மண்ணை அள்ளிப் போட்டன.

தூக்கணாங்குருவி தயங்கித் தயங்கி முயலிடம் வந்தது. “உனக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும்?”

முயல் தோண்டுவதை நிறுத்தினான். அதுவரை யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. “பின்பக்கம் இன்னொரு வழி வேண்டும்” என்றான் கடைசியில். “முன்பக்கம் யாராவது வந்தால், பின்பக்கம் போக.” குருவி கூடத்தின் ஓரக் கூரையைப் பிரித்து, அந்தப் பின்வழிக்குத் தட்டி பின்னிக் கொடுத்தது. பாதி முடிந்ததும் நிறுத்திவிட்டு, “வந்து பார்” என்று கூப்பிட்டது.

மீதிக் கூடத்தை யாரும் இடிக்கவில்லை. மாலையில் வம்பு பேச அது நல்ல இடமாக இருந்தது. பகலில் அவரவர் இடத்தில் வேலை, மாலையில் கூடம். சில நாளில் திருகன் மேட்டில் ஏறி, “நான் முதலிலிருந்தே இதைத்தான் நினைத்திருந்தேன்” என்றார். யாரும் மறுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

முள்ளிக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதவியை அவள் ஏற்கவே இல்லை. நிறுத்திய பங்கைத் திருகன் திரும்பத் தரவேயில்லை. அந்த உத்தரவை நீக்க மறந்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கோடையில் முயலும் கீரியும் தங்கள் பங்கிலிருந்து கிழங்கு கொண்டுவந்து வளை வாயிலில் வைத்தார்கள். “கூலி என்றால் வையுங்கள், பிச்சை என்றால் எடுத்துக்கொண்டு போங்கள்” என்றாள். கூலி என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். முதல் மழைக்கு முன் அவளுக்கு ஒரு பெண் குட்டி பிறந்தது. அதன்பின் பல ஆண்டுகள் அவள் அதே வளையில் கிழங்கு முகர்ந்தாள். ஒரு முள்ளின் நுனியிலும் பஞ்சு சுற்றாமல் வாழ்ந்து, முதுமையில், அந்த வளையிலேயே இறந்தாள். இப்போது அங்கே அவள் மகள் இருக்கிறாள்.

உள்ளே இருந்து உழைக்கப் போகிறவரைக் கேட்காமல் கட்டிய கூடம், எவ்வளவு அழகாக மின்னினாலும், அதைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மட்டுமே பயன்படும்.